மெயினை அணைத்த பிறகு

அருப்புக்கோட்டை
5.9.1999, ஞாயிறு இரவு

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

நீ மன்னிப்புக் கேட்டு எழுதும் வரை இந்த வீட்டிலிருந்து உனக்கு யாரும் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்கள். இரவு ஜெபம் முடித்து, ஆமென் சொன்ன கையோடு சொன்னார்கள். அதனால் சாமான் அறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இருமினால் பேனாவை மூடுகிறேன், நிறுத்தினால் திறக்கிறேன். மெயில் அனுப்பலாமே என்று கேட்காதே. கடையிலிருந்து போகிற, கடைக்கு வருகிற மெயில் எல்லாவற்றையும் ராபின் மாமா அச்சடித்து அப்பா மேஜையில் வைக்க வேண்டும் என்பது நீ போன பிறகு வந்த சட்டம். உன் நாற்காலியில் இப்போது மாமாதான் உட்காருகிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்கள்.

கடை எப்படி நடக்கிறது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒன்பதரைக்கு அப்பா ஷட்டரை இறக்குகிறார்கள். மெயின் ஸ்விட்சை இழுத்து அணைக்கிறார்கள். பின்னறையில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் உயிரை விடுகிறது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்தும். அதன் வயரையும் பிடுங்கிவிடுகிறார்கள். காலையில் கடை திறக்கும்போது எல்லாம் திரும்ப உயிர் பெறும். நடுவில் உள்ள நேரத்துக்கு நம் வாடிக்கையாளர்கள் யாருக்கும் உலகத்தில் பெயர் கிடையாது.

நேற்று துண்டு ஏற்றுமதி செய்கிற சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி கடைக்கு வந்து, எஸ்.டி.டி. பேச நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

"ஏன் மரியராஜ், எங் கம்பெனி பேரு பகல்ல உசுரோட இருக்கு, ராத்திரியானா செத்துப்போகுதா? அமெரிக்காக்காரன் மெயிலு அனுப்பினா, அப்படி ஒரு பேரே இல்லன்னு திரும்பிப் போகுதாம். போன் பண்ணிச் சிரிக்கான்யா!"

"ராத்திரி எல்லாரும் தூங்குற நேரம் அண்ணாச்சி."

"நமக்கு ராத்திரி. அவனுக்குப் பகலுய்யா!"

தீபாவளி வரை பார்ப்பாராம். அதற்குள் சரியாகவில்லை என்றால் மதுரையில் ஒரு கம்பெனிக்கு மாறிவிடுவாராம். அவர் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள். அன்றைக்கு இரவு அப்பா அம்மாவிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. "அண்ணாச்சி போனா லைனத் திருப்பிக் குடுத்துருவேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியையும் தள்ளிருவேன். அதுக்கப்புறம் ஒம் மகனுக்கு இங்க என்ன சோலி இருக்கு?"

அம்மா விளக்கை அணைக்கும் சத்தம் கேட்டது. நான்தான் தூங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வீட்டில் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். அதற்கு அந்தப் பெட்டி இங்கே இருந்தாக வேண்டும். இரவில் மெயினை அணைத்தாலும் பெயர்கள் சாகாமல் இருக்க வழி உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் எழுது. பதிலைச் சண்முகவடிவு வீட்டு முகவரிக்கு அனுப்பு. என் வகுப்புதான். அவள் அம்மா எதுவும் கேட்கமாட்டார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்பாள். சமாளிக்கிறேன்.

இன்பராணி

---

சென்னை
10.9.1999

இன்பாவுக்கு,

மன்னிப்பா? எதற்கு? மெயினை அணைக்காதீர்கள் என்று சொன்னதற்கா? ஊரில் ஒருவரும் செய்யாத வேலையைச் செய்தேன். மதுரையிலிருந்து லைன் இழுத்தேன், சொந்த சர்வர் வைத்தேன், பத்துப் பேருடைய டொமைனை, அதாவது இன்டர்நெட் பெயரை, நம் பின்னறையிலிருந்தே நடத்தினேன். அதை ஒவ்வொரு இரவும் டியூப்லைட்டைப் போல அணைக்கிறார்கள். நான் ஸ்விட்சின் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டியது தப்பு என்றே வைத்துக்கொள். அதற்குக் குறடு எடுத்துவந்து கம்பியை வெட்டிவிட்டு, "வீட்டை விட்டுப் போலே" என்று சொல்வதா?

சரி. உன் கேள்விக்கு வருகிறேன். வழி உண்டு.

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சிக்கு யாராவது மெயில் அனுப்பினால், அவர்களுடைய மிஷின் முதலில் "இந்தப் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்வது நேம் சர்வர். பதில் கிடைத்து, அந்த எண்ணில் உள்ள மிஷின் மட்டும் அணைந்து கிடந்தால் மோசமில்லை. தபால்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார், கதவு பூட்டியிருக்கிறது, நாளைக்கு வருவார் என்பது மாதிரி. மெயில் காத்திருந்து காலையில் வந்துவிடும். பதில் சொல்லவே ஆள் இல்லை என்றால்தான் ஆபத்து. அப்படி ஒரு தெருவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நமக்கு இரவில் நடப்பது அதுதான்.

அதனால்தான் பெயரைப் பதிவு செய்யும்போதே இரண்டு நேம் சர்வர் கேட்கிறார்கள். ஒன்று போனால் இன்னொன்று பதில் சொல்ல. நான் இரண்டு பெயர் கொடுத்தேன். ஆனால் இரண்டும் நம் பின்னறையில் இருக்கும் அதே மிஷின்தான். சிரிக்காதே. அப்போது வேறு மிஷின் இல்லை.

இப்போது இருக்கிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். அது நம் மிஷினிடமிருந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இரவில் பதில் சொல்லும். ஆனால் நகல் எடுக்க நம் மிஷின் அனுமதி தர வேண்டும். அதை அங்கே உட்கார்ந்துதான் செய்ய முடியும். வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று பாதுகாப்புக்காக எல்லா வழியையும் நானே அடைத்தேன். அடைத்தபோது நானும் வெளியில்தான் இருக்கப்போகிறேன் என்று நினைக்கவில்லை.

தட்ட வேண்டியதை எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு புள்ளியைக்கூட விடாதே. புள்ளிதான் எல்லாம். ஒவ்வொரு வாடிக்கையாளர் ஃபைலிலும் மேலே ஓர் எண் இருக்கும். ஃபைலை எப்போது மாற்றினாலும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் சென்னை மிஷின், புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று நகல் எடுக்கும். தன்னிடம் இருப்பதைவிடச் சிறிய எண் என்றால் திரும்பியே பார்க்காது. குழப்பமே வேண்டாம், மாற்றுகிற நாளின் தேதியைப் போட்டுவிடு. தேதி கூடிக்கொண்டுதான் போகும்.

அமெரிக்காவில் பெயர் பதிவு செய்கிற கம்பெனிக்கு நான் எழுதுகிறேன். அவர்கள் நம் கடை முகவரிக்கு, "மாற்றலாமா?" என்று கேட்டு ஒரு மெயில் அனுப்புவார்கள். அதற்கு YES என்று பதில் போக வேண்டும். பதில் போகாவிட்டால் மாற்றமாட்டார்கள். மாமா அச்சடிப்பதற்குள் எப்படியாவது பார்த்துக்கொள்.

உன் அப்பாவிடம் எதுவும் சொல்லாதே.

பிரின்ஸ்

---

அருப்புக்கோட்டை
25.9.1999, சனி இரவு

அண்ணனுக்கு,

உன் அப்பாவும்தான்.

செய்துவிட்டேன். சனிக்கிழமை மாலை அப்பா கோயிலில் பாடகர் குழு பயிற்சிக்குப் போகிறார்கள் அல்லவா, அந்த நேரம். மாமாவிடம் கம்ப்யூட்டர் பாடத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்று பொய் சொன்னேன். கோயிலில் அவர்கள் பாடுவது, நீ பாடுகிற பேஸ் அடிக்குரல் இல்லாமல், பின்னறை வரைக்கும் கேட்டது. நான் இங்கே திருட்டுத்தனமாகத் தட்டிக்கொண்டிருக்க, அவர்கள் அங்கே பரிசுத்தரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி.

பாதியில் மாமா எட்டிப்பார்த்தார்கள்.

"ஏட்டி, என்ன இது, கறுப்புத் திரையில வெள்ள எழுத்து? ஒங்க பள்ளிக்கூடத்துல கலரு கிடையாதா?"

"இதுதான் பாடம் மாமா."

"பாடமா? பார்த்தா பாவமா இருக்கு. இந்தியா எத்தனை விக்கெட்டு போச்சுன்னு அதுல வருமா?"

"வராது மாமா."

"அப்ப என்னத்துக்கு இது?" என்று போய்விட்டார்கள்.

புள்ளியைப் பற்றி நீ எழுதியதை இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். புள்ளி முற்றுப்புள்ளி என்று நினைத்து முதல் இரண்டு ஃபைலிலும் கடைசி வரிக்கு மட்டும் வைத்தேன். பிறகு உன் தாளைத் திரும்பப் படித்து, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வைத்தேன். மேலே இருந்த எண்ணை அழித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டேன். எல்லா ஃபைலிலும். கடைசியில் நீ சொன்னபடி நிறுத்தி, திரும்ப ஓட விட்டேன். திட்டாமல் ஓடியது.

இன்னொன்று. லைன் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. அக்டோபர் ஒன்பதாம் தேதி முதல் நம் மிஷின் இருக்கும் எண்களை எல்லாம் மாற்றுகிறார்களாம். புது எண்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கும் நான்தானா உட்கார வேண்டும்?

இன்பா

---

சென்னை
1.10.1999

இன்பா,

வந்துவிட்டது! ஞாயிறு காலை நான் வேலைக்குப் போனபோது எல்லாப் பெயரும் இங்கே வந்து உட்கார்ந்திருந்தன. அன்றைக்கு இரவு அப்பா மெயினை அணைக்கும் நேரம் பார்த்து நான் மூன்று இடங்களிலிருந்து கேட்டுப்பார்த்தேன். நம் மிஷின் பேசவில்லை. சென்னை பேசியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அமெரிக்காவிலும் சேர்த்துவிட்டார்கள். YES போட்டதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கெட்டிக்காரி.

எண் மாற்றத்துக்கு: ஆம், நீதான். ஒன்பதாம் தேதி சனிக்கிழமைதானே. ஒவ்வொரு ஃபைலிலும் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போடு. மேலே தேதியை மாற்ற மறக்காதே. என் பக்கமும் அமெரிக்கா பக்கமும் மாற்ற வேண்டியதை நான் மாற்றிவிடுகிறேன். அங்கிருந்து இன்னொரு மெயில் வரும், அதற்கும் அதே மாதிரி பதில்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

பிரின்ஸ்

---

அருப்புக்கோட்டை
17.10.1999, ஞாயிறு இரவு

அண்ணா,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். எண்ணை மாற்றினேன். மேலே தேதியைப் போட்டேன். முதலில் ஒரு வாரம் இருந்த நிம்மதியும் போய்விட்டது.

முன்பு இரவில் மட்டும் பெயர் செத்தது. இப்போது பகலிலும் பாதிப் பேருக்கு ஒரு பதில், பாதிப் பேருக்கு வேறு பதில். மல்லாங்கிணற்றிலிருந்து அண்ணாச்சியின் மருமகன் அனுப்பிய மெயில் வருகிறது. மதுரையிலிருந்து அவர் தம்பி அனுப்பியது வரவில்லை. அமெரிக்காக்காரர் மாதிரித் துண்டுக்கு ஆர்டர் அனுப்பினாராம். அது யாரோ முன்பின் தெரியாத கம்பெனியின் மிஷினுக்குப் போய், "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று பதில் வாங்கியிருக்கிறது.

அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வந்தார். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மரியராஜ், முன்னயாவது எம்பேரு இல்லன்னு சொன்னாங்க. இப்ப நான் வேற எங்கயோ இருக்கேன்னு சொல்லுதாங்க. எம் பொழப்ப என்ன வெளாட்டுன்னு நெனச்சியா?"

அப்பா மேஜை மேல் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு தடவை பார்த்தார்கள். அண்ணா, அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் இவ்வளவு நேரம் சும்மா இருப்பார்களா? இரவு சாப்பாட்டில், "பரீட்சை எப்ப?" என்று மட்டும் கேட்டார்கள். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. ஏதாவது செய்.

YES நான் போடவில்லை. நீதான் எப்படியோ போட்டிருப்பாய். சும்மா என்னைப் புகழாதே, இப்போது அது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார்கள். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை வைப்பதில்லை.

இன்பா

---

சென்னை
21.10.1999

இன்பா,

என்ன செய்துவைத்திருக்கிறாய்!

ஒரே ஒரு விஷயம் சொன்னேன். எண்ணைக் கூட்டு என்று சொன்னேன். நீ குறைத்துவைத்திருக்கிறாய்! இங்கே மிஷின் ஒவ்வொரு மணி நேரமும் வந்து பார்த்துவிட்டு, "அவர்களுடைய எண் என்னுடையதைவிடச் சிறியது" என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போகிறது. அதனால் நம் மிஷினின் புது எண் எதுவும் இங்கே வரவில்லை. சென்னை, இப்போது வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அருப்புக்கோட்டை புதுப் பதிலைச் சொல்கிறது. கேட்கிறவன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஒன்று கிடைக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்தவளுக்கு எது பெரிய எண், எது சிறிய எண் என்றுகூடத் தெரியாதா? முதலாளி என்னிடம், "ஒங்க ஊர் டொமைனால நம்ம பேரு கெடுது தம்பி" என்று சொல்லிவிட்டார். இந்த மிஷினையும் எடுத்துவிடுவார் போல இருக்கிறது.

இதற்கெல்லாம் மூலகாரணம் யார்? ஒரு ஸ்விட்சை விட்டுவைத்தால் இரண்டாவது மிஷினே தேவைப்பட்டிருக்காது. நாடு முழுவதும் இரவில் மிஷின் ஓடுகிறது. அவர் ஒருவருக்குத்தான் அது ஓடக் கூடாது. பிடிவாதம். வெறும் பிடிவாதம்.

பிரின்ஸ்

---

அருப்புக்கோட்டை
24.10.1999, ஞாயிறு இரவு

பிரின்ஸ் அண்ணனுக்கு,

நான் குறைக்கவில்லை. தேதியைப் போடு என்று சொன்னாய். போட்டேன். செப்டம்பர் இருபத்தைந்து அன்றைக்கு 25091999. அக்டோபர் ஒன்பது அன்றைக்கு 09101999. அக்டோபர் செப்டம்பருக்குப் பிறகு வருகிறதா, முன்னால் வருகிறதா? உன் சென்னையில் எப்படியோ?

இதை எழுதி முடித்த பிறகுதான் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பார்த்தேன். தேதியாகப் பார்த்தால் கூடுகிறது. எண்ணாகப் பார்த்தால் இருபத்தைந்து எங்கே, ஒன்பது எங்கே. மிஷினுக்கு அது தேதி என்று யார் சொன்னது? எனக்கு அது எண் என்று யார் சொன்னது? நம் ஊரில் நாள், மாதம், வருடம் என்றுதான் எழுதுவோம். கோயில் பதிவில், கரண்ட் கார்டில், என் பரீட்சைத் தாளில், நீ எனக்கு எழுதுகிற கடிதத்தின் தலையிலும்கூட! இதோ, 21.10.1999 என்று நீயே எழுதியிருக்கிறாய். இதற்காகத்தான் எனக்குப் பெரிய எண் தெரியாது என்று எழுதினாயா? இதை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இல்லை, நான் இன்னும் முடிக்கவில்லை. பிடிவாதம் என்று எழுதினாயே.

நம் பழைய திருச்சுழித் துணிக்கடை எரிந்தபோது நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்து, நாம் அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தோம். உனக்கு, "கடை எரிந்துவிட்டது" என்பது ஒரு செய்தி. நான் அங்கே இருந்தேன். எனக்கு ஐந்து வயது. மார்ச் மாதம், மழை பொய்த்த வருடம். பஜார் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. கண்மாயில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி இங்கிருந்து அங்கே போகும்வரை ஊரே மண்ணை அள்ளிப் போட்டது. துணிக்கடை, அது மண்ணுக்கா அடங்கும்? இரவில் பூட்டிவிட்டுப் போன கடையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததாம், அவ்வளவுதான். அப்பா தெருவில் ஒரு வாளிச் சேற்றை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

இப்போதும் ஒவ்வொரு இரவும் மெயினை அணைத்த பிறகு, ஸ்விட்ச் போர்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைப்பார்களே, அப்படி. நீ அதில் கம்பியைக் கட்டினாய்.

அதையும் சேர்த்து எழுது, உன் 'மூலகாரணம்' பட்டியலில்.

இன்பராணி

---

சென்னை
27.10.1999

இன்பா,

உன் கடிதத்தை நேற்றிலிருந்து சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

எனக்கு அது தெரியாது. புறங்கையை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். தூசி தட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

தேதி விஷயத்தில் தப்பு என்னுடையது. இந்த வேலையில் எல்லோரும் வருடத்தை முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்று எழுதுகிறார்கள், அன்றைக்கு எத்தனையாவது மாற்றம் என்று கடைசியில் இரண்டு இலக்கமும் சேர்க்கிறார்கள். அப்படி எழுதினால் தேதியும் கூடும், எண்ணும் கூடும். வந்த சில மாதத்தில் எனக்கு அது பழகிவிட்டது. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. சனிக்கிழமை நீ போட வேண்டியது 1999103001. இது முன்பு போட்ட எல்லாவற்றையும்விடப் பெரியது. போட்டுவிட்டு நிறுத்தி ஓட விட்டால் இங்கே தானாக வந்துவிடும். உன்னைத் திட்டியதற்கு...

சரி, தெரியும்தானே.

பிரின்ஸ்

---

அருப்புக்கோட்டை
8.11.1999, திங்கள் மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் சனிக்கிழமை கதை. உன் கடிதம் முப்பதாம் தேதி மதியம்தான் வந்தது. சாயங்காலம் அப்பா பயிற்சிக்குப் போகவில்லை. தொண்டை கட்டியிருந்தது. கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு சனிக்கிழமைக்குக் காத்திருந்தால் மறுநாள் தீபாவளி. உன் தாளைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, கர்த்தரே என்று பின்னறைக்குப் போனேன். முதல் ஃபைலைத் திறப்பதற்குள் அப்பா வாசலில் வந்து நின்றார்கள்.

"என்ன பண்ற?"

"ப... பாடம்ப்பா."

அப்பா திரையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். "சரி. சீக்கிரம் முடி. ஒன்பதரைக்கு மெயின ஆஃப் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். கதவைச் சாத்தினார்கள், அண்ணா. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஃபைல் ஃபைலாக 1999103001 போட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் நான் பட்ட பாட்டை விடு. தீபாவளி அன்று காலை சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி பலகாரத் தட்டோடு வந்தார். வாரம் முழுவதும் ஒரு மெயில்கூடத் திரும்பிப் போகவில்லையாம். ராத்திரி அனுப்பியது எல்லாம் விடிந்ததும் வரிசையாக வந்து நிற்கிறதாம். மாதிரித் துண்டு ஆர்டர் திரும்ப வந்துவிட்டதாம். "மதுரக்காரன்ட்ட வேணாமுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"ஆனா ஒண்ணு மரியராஜ், ராத்திரியும் பெட்டிய ஓட விடுத போல. தைரியந்தான்!"

"இல்ல அண்ணாச்சி. மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கேன்."

"பிறகெப்படி?"

"மெட்ராஸ்ல எம் மகன் பாத்துக்கிடுதான்" என்று அப்பா சொன்னார்கள்.

என் கையிலிருந்த தட்டிலிருந்து அதிரசம் உருண்டு எஸ்.டி.டி. பூத்துக்குள் போனது.

அண்ணாச்சி போனதும் மாமாவை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மாமா சிரி சிரி என்று சிரித்தார்கள். "ஏட்டி, அமெரிக்காவுல இருந்து மெயிலு வந்துச்சுல்ல, மாத்தலாமான்னு? நாந்தான அச்சடிச்சுக் குடுத்தேன். அதுல ஒங்க அண்ணன் பேரும் மெட்ராஸ் விலாசமும் கிடந்துச்சு. மச்சான் ரெண்டு நாளு அத மேசையிலயே வச்சிருந்தாக. பிறகு, 'யெஸ்ஸுன்னு போடணுமாம்ல, எங்கன போடணும்?'னு வந்து உக்காந்தாக. நான் போடுதேன்னேன். விடல. ஒத்த வெரலால ஒவ்வொண்ணாத் தேடித் தேடி அவுகளே போட்டாக. ரெண்டாவது மெயிலுக்கும் அவுகதான். அப்ப கொஞ்சம் வேகமா வந்துட்டு."

"அப்ப நான் பின்னறையில இருந்தது?"

"அதத்தான் நீ பாடமுன்னு சொன்னியே. நாங்களும் பாடமுன்னு நெனச்சுக்கிட்டோம்."

இரண்டு மாதம்! இரண்டு மாதம் நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு இருமலுக்கும் செத்துப் பிழைத்தேன். சண்முகவடிவிடம் சொல்லாத பொய் இல்லை. அவள், எனக்குச் சென்னையில் யாரோ இருக்கிறார்கள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் ஒழுங்காகப் படித்து, ஒழுங்காகத் தூங்கியிருப்பேன். அப்பா மேலும் கோபம், உன் மேலும் கோபம். யார் மேல் அதிகம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நேற்று இரவு அப்பா மெயினை அணைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அங்க ஓடுதா?" என்று கேட்டார்கள்.

"ஓடுதுப்பா."

"அவன் இருக்குற எடத்துல ராத்திரி யாராவது ஆளு இருப்பாங்களா? வயரு கியரு சூடானாப் பாக்க?"

"இருப்பாங்கப்பா."

"கேட்டு எழுது" என்றார்கள். ஷட்டர் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இன்னொண்ணும் எழுது. டிசம்பருல வீடு வீடாப் போற கேரல் ரவுண்டுக்கு பேஸ் பாட ஆளில்ல. பாதிரியாரு ராபின வச்சுக்கிடச் சொல்லுதாரு. அவன் பாடுனா நாய்தான் கூட வரும்."

"வரச் சொல்லி எழுதவாப்பா?"

"வரச் சொல்லல. ஆளில்லன்னு மட்டும் எழுது."

எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கடை மேஜையில், பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படிக்காத மாதிரி இருக்கிறார்கள். தபால்பெட்டியில் அவர்களே போட்டுவிடுவார்களாம்.

இனிப் பதிலைச் சண்முகவடிவு வீட்டுக்கு அனுப்பாதே. நம் வீட்டுக்கே அனுப்பு. முகவரி மாறவில்லை.

இன்பராணி